மறதிக்கு மூலிகை கேப்ஸ்யூல்: எங்கே தவறு செய்கிறோம்?

என் அப்பாவுக்கு 71 வயதில் மறதி தலைகாட்டியது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார், அடுப்பை அணைக்க மறந்துவிடுவார். வயசானால் அப்படித்தான் என்று நாங்களே முடிவு செய்து மூலிகை கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தோம். எட்டு மாதம் போனது. அப்புறம் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. அவர் சுத்த சைவம், சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். இரண்டாலுமே பி12 குறையும். ஊசி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் ஆள் தெளிந்தார். வீணாய்ப் போன அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதனால் இதைத்தான் முதல் தவறு என்பேன்: காரணம் தெரியாமலே கேப்ஸ்யூலைத் தொடங்குவது. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை எல்லாமே மறதியைக் கொண்டுவரும். காது சரியாகக் கேட்காதவர்கூட மறந்தவர் போலத்தான் தெரிவார். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது, 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' (ஆக்சிஜனால் செல்களுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்) என்ற சொல்லை அப்படியே நம்பிவிடுவது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஆக்சிஜனால் வரும் சேதமும் அங்கே அதிகம், வயதாக ஆக அது கூடவும் செய்கிறது. இதுவரை உண்மை. சோதனைக் குழாயில் அந்தச் சேதத்தைத் தடுக்கிற செடிச்சாறு மூளையிலும் தடுக்கும் என்று சொல்லும்போதுதான் கணக்கு இடிக்கிறது. விழுங்கிய சாறு குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரலில் உருமாறாமல் தப்ப வேண்டும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைக் கடக்க வேண்டும். எந்த உணவில் எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் சக்தி என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. உடம்புக்குள் நடப்பதை அந்த எண்கள் காட்டுவதில்லை என்று 2012-ல் அதை எடுத்தேவிட்டார்கள். அந்தச் சக்தியைக் குறிக்கும் 'ஓராக்' மதிப்பு இத்தனை ஆயிரம் என்று டப்பாவில் போட்டிருந்தால் அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

மறதிக்கென்று விற்கும் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரில் ஒரு பாதிக்கு 120 மில்லிகிராம் ஜிங்கோவும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் தினம் இருவேளை கொடுத்து, சுமார் 6 வருடம் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையையே பாதிக்கும் மறதி நோய், குறையவில்லை. பிரான்சில் 70 வயதைக் கடந்த 2,800-க்கும் மேற்பட்டவர்களை 5 வருடம் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்விலும் அதே முடிவுதான்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம், பெயரில். 'பிராமி' என்றால் நமக்கு நீர்ப்பிரமி: ஈரத்தில் படரும், சின்னத் தடித்த இலை. வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிராமி என்கிறார்கள். இரண்டும் வேறு செடி, வேறு வேதிப்பொருள். டப்பாவில் தாவரவியல் பெயரைப் பாருங்கள்: பக்கோபா என்றால் நீர்ப்பிரமி, சென்டெல்லா என்றால் வல்லாரை. நினைவாற்றல் தொடர்பாக மனிதர்களிடம் கூடுதலாகச் சோதித்தது நீர்ப்பிரமிச் சாற்றைத்தான். பெரும்பாலும் தினம் 300 மில்லிகிராம், 12 வாரம். சில சிறிய ஆய்வுகளில் முதியவர்கள் சொற்களை நினைவுகூர்வது ஓரளவு மேம்பட்டது. டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பதற்கு அது ஆதாரமாகாது. பத்து நாளில் பலன் தேடுவதும் வீண். சிலருக்கு வயிற்றுப் புரட்டல், பேதி வரும்.

மஞ்சளில் வேறு மாதிரி தவறு. மஞ்சள் தூளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதையும் உடம்பு சரியாக உறிஞ்சாது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடும் என்று பெங்களூரில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. அதற்காக இரண்டையும் செறிவாக அடைத்த கேப்ஸ்யூலைக் குழம்பில் போடும் மஞ்சள் மாதிரி நினைக்கக் கூடாது. அப்படிப்பட்ட கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதித்தவர்கள் இருக்கிறார்கள்.

இயற்கைதானே, கூடச் சாப்பிட்டால் என்ன என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா-கரோட்டினை பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994-ல் வந்த முடிவு இது.

ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜிங்கோவைத் தொடவே வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், சாப்பிடும் மூலிகைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'மாத்திரை என்ன சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் நம் பெரியவர்கள் மூலிகையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் இந்தச் சிக்கலே வராது.

சரி, பரிசோதனை எல்லாம் முடிந்து, டாக்டரும் சம்மதித்து நீர்ப்பிரமி தொடங்குகிறீர்கள் என்றால், அன்றைய தேதியையும் அந்த வாரம் அவர் எதையெல்லாம் மறந்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 12 வாரம் கழித்துத் திரும்ப எழுதிப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மறதி கூடியிருந்தால் அந்த நோட்டோடு நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.