‘புட் ஆஃப்’ என்று எழுதும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பழைய மாணவி ஒருத்திக்கு ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதே நாளில் அவளுடைய பாட்டியின் கருமாதி. தேதியைத் தள்ளிவைக்கும்படி கேட்க நினைத்தவள், ‘புட் ஆஃப்’ என்பதற்குப் பதிலாகக் ‘கால் ஆஃப்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். வேலையில் விருப்பமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயரை நீக்கிவிட்டதாக இரண்டே வரியில் பதில் வந்தது. அதைக் கைப்பேசியில் எனக்குக் காட்டியபோது, தான் செய்த தவறு என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பது. ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை மழையை வைத்து விளக்குவேன். விடியற்காலை மழையில் பால்மரத்து (ரப்பர் மரத்து)ப் பட்டை நனைந்திருந்தால் உடனே வெட்ட முடியாது. பால் வெட்டிய கோட்டில் நில்லாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். வெயில் ஏறி, பட்டை காய்ந்ததும் வெட்டலாம் என்று காத்திருந்தால் அது ‘புட் ஆஃப்’. மழை விடாமல் பெய்து, “இன்றைக்கு வெட்டு இல்லை” என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சொல்லிவிட்டால் அது ‘கால் ஆஃப்’. மலாயில் ‘தங்குஹ்’ (ஒத்திவைப்பது) வேறு, ‘பத்தால்’ (ரத்து செய்வது) வேறு என்று தெரிந்தவர்களுக்கு இது குழப்பவே கூடாது.

அடுத்த தவறு சொல் நிற்கும் இடத்தில். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ தவறு.

‘புட் ஆஃப் டு கோ’ என்று எழுதுகிறவர்கள் ஒரு நிமிடம் தங்கள் தமிழைக் கேட்டுப் பார்க்கட்டும். பல் மருத்துவரிடம் “போகத் தள்ளிப்போட்டேன்” என்று நாம் சொல்வதில்லை. “போவதைத் தள்ளிப்போட்டேன்” என்கிறோம். அந்தப் ‘போவதை’தான் ஆங்கிலத்தில் ‘கோயிங்’. ஆகவே ‘ஐ புட் ஆஃப் கோயிங்’. ‘புட்’ என்றால் போடுவது; அந்தப் ‘போடு’ நம் ‘தள்ளிப்போடு’ என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பதைக் காட்டினால் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும். இறந்தகாலத்திலும் ‘புட்’ மாறாது. ‘புட்டட்’ என்று எழுதாதீர்கள்.

ஆளைக் குறித்து வந்தால் பொருளே வேறு. ‘த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்’ என்றால், டுரியான் வாசனையே அவருக்குச் சாப்பிடும் ஆசையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். அவரை யாரும் ஒத்திவைக்கவில்லை.

விளக்கை அணைப்பதற்கு ‘டர்ன் ஆஃப்’, நெருப்பை அணைப்பதற்குப் ‘புட் அவுட்’. விளக்கை ‘மூடு’ என்று சொல்லும் மலாயின் ‘துத்துப் லம்பு’வை அப்படியே பெயர்த்துக் ‘குளோஸ் த லைட்’ என்று எழுத வேண்டாம்.

‘புட் ஆஃப்’ பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதுவதற்கும் ஏற்றது. வேலைக்கான கடிதத்தில் ‘போஸ்ட்போன்’ என்பதே பொருந்தும். கூடவே காரணத்தையும், நீங்கள் வரக்கூடிய வேறு ஒரு தேதியையும் எழுதிவிடுங்கள்.