கத்தரி பட்ட இடமும் வேட்டி கிழிந்த தூரமும்: நிலநடுக்கம் பற்றிய சில தவறான எண்ணங்கள்

2025 பிப்ரவரி 17, விடியற்காலை 5.36. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. லாரி ஒன்று மாடிப்படி ஏறி வருவது போல ஓர் உறுமல். டபராவும் டம்ளரும் கிணுகிணுத்தன. சில வினாடிகளில் எல்லாம் அடங்கிவிட்டது.

ஆறு மணிக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தீர்ப்புகள் வந்துவிட்டன. “மையம் தௌலா குவான், நகரத்தின் மறுபக்கம், நாம் தப்பித்தோம்” என்றார் ஒரு மாமா. “சின்னதாக வந்து பாரத்தை இறக்கிவிட்டது, நல்லதுதான்” என்றார் கீழ்வீட்டு மாமி. மூன்றாவது, யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியது: எட்டு மணிக்குள் பெரியது வருமாம். மூன்றிலும் பிழை. பூமிக்குள் ஓரிடத்தில் வெடி வெடிக்கிறது என்று மனத்தில் படம் வைத்திருக்கிறோம். தவறுகள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

வீடு மாற்றும்போது இரும்பு பீரோவைத் தள்ளியிருப்பீர்கள். தோள் கொடுத்து அழுத்துகிறோம். பீரோவின் கால்கள் தரையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் லேசாகச் சாய்கிறது. சட்டென்று பிடி விட்டு அரை அடி நகர்ந்து மறுபடி நிற்கிறது. பூமிக்குள் பாறை உடைந்து இரண்டாகப் பிரிந்திருக்கும் இடம்தான் பிளவு. அதன் இரு பக்கப் பாறைகளும் இப்படித்தான். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு அமெரிக்க அறிவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் சொன்னதும் இதுதான்: உராய்வு பிடித்திருக்கும் வரை பாறை வளைகிறது, பிடி விட்டதும் நிமிர்கிறது. ஆகவே “ஐம்பது வருடமாக ஒன்றுமில்லை, பத்திரமான இடம்” என்ற பேச்சு இமயமலை அடிவாரத்தில் தலைகீழ். இந்திய நிலத்தட்டு வடக்கே தள்ளுவதால் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கம் சேர்கிறது. பிடி விடாமல் ஐம்பது வருடம் என்றால் ஒரு மீட்டர் பாக்கி.

இனி அந்த ‘மையம்’. பழைய வேட்டியைக் கிழித்துத் துடைப்புத்துணி ஆக்குபவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தரியால் ஒரு வெட்டு. பிறகு இரு கையாலும் இழுத்தால் கிழிசல் தானே ஓடும், கரை வந்ததும் நிற்கும். செய்தியில் வரும் மையம் என்பது கத்தரி பட்ட இடத்துக்கு நேர் மேலே உள்ள புள்ளி, அவ்வளவே. கிழிசல் அங்கிருந்து பிளவின் வழியே பெரும்பாலும் வினாடிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கத்தரி பட்டது சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால். கிழிசலோ வடக்கே ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் ஓடி அந்தமானைத் தாண்டியது. சுமார் பத்து நிமிடம் பிடித்தது. வடக்கு தெற்காக அத்தனை நீளத்துக்குக் கடலடி புரண்டதால் அலை கிழக்கிலும் மேற்கிலும் வலுவாகப் பாய்ந்தது. மேற்கே நாகப்பட்டினம் இருந்தது. அதை வெறும் ‘சுமத்ரா நிலநடுக்கம்’ என்று சொல்வது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நேபாளத்திலும் அப்படியே. 2015 ஏப்ரல் 25 அன்று காத்மாண்டுவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், கோர்க்காவில் தொடங்கிய கிழிசல் கிழக்கு நோக்கி ஓடித் தலைநகரைக் கடந்தது. 17 நாள் கழித்து, மே 12 அன்று, அது நின்ற கிழக்கு முனைக்கு அருகிலேயே 7.3 அளவில் இன்னொன்று. எனவே பெரிய நிலநடுக்கத்தில் மையம் எத்தனை தூரம் என்று கேட்பதை விட, கிழிசல் எதுவரை வந்தது, நம் காலடியில் என்ன மண் என்று கேட்பதே பொருத்தம். டெல்லியிலேயே ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயில் பாறைக் குன்றின்மேல் நிற்கிறது. மயூர் விஹாரில் நாங்கள் யமுனையின் வண்டல்மேல். தளர்ந்த மண் அசைவைப் பெருக்கும். தௌலா குவானில் கிழிந்தது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத் துண்டுதான். அந்த அளவுக்கு, மையத்தின் தூரத்தைப் பார்த்த மாமாவின் கணக்கு சரி.

மாமியின் ஆறுதல் கணக்கில் நிற்காது. அளவில் ஒரு எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. தௌலா குவானில் வந்தது 4. அதற்கும் 7-க்கும் இடையே 32-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 32,000. ஒரு 7-ஐ இப்படிச் சில்லறையாகக் கழிக்க, தினம் ஒரு தௌலா குவான் வந்தாலும் ஏறத்தாழ தொண்ணூறு வருடம் ஆகும்.

மணி குறித்து வரும் எச்சரிக்கையைப் படித்தவுடன் அழித்துவிடலாம். பின்னதிர்வுகளுக்கு வாய்ப்புக் கணக்கு உண்டு. நாளும் நேரமும் சொல்லும் வித்தை யாரிடமும் இல்லை. தரை வாய்பிளந்து ஆளை விழுங்கும் என்ற பயமும் வேண்டாம். பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன, கதவு போலத் திறப்பதில்லை. 2001-இல் குஜராத்தின் பூஜ் பகுதியைத் தரைமட்டமாக்கிய 7.7 நிலநடுக்கத்தின் பிளவு தரைக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு குழப்பம்: மின்விசிறி வெகுநேரம் ஆடினால் மையம் பக்கத்தில் என்று நினைப்பது. 2023 மார்ச் 21 இரவு எங்கள் விசிறியை ஆட்டியது ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ்ஷில், ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது. தூரத்தில் வெடுக்கென்ற அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான ஆட்டமே மாடிகளை எட்டும். பக்கத்தில் நடந்தால் உதறல் குட்டையாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

சில நூறு கிலோமீட்டருக்குள் என்றால் நாமே தோராயமாக அளக்கலாம். முதலில் வரும் லேசான தட்டுக்கும் அடுத்து வரும் பலத்த ஆட்டத்துக்கும் இடையே உள்ள வினாடிகளை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 1999-இல் இன்றைய உத்தராகண்டின் சமோலியில் நடந்தது போன்ற ஒன்று டெல்லியை எட்டும்போது நடுவே முப்பது வினாடிக்கு மேல் கிடைக்கும். பிப்ரவரி 17 அன்று இரண்டு வினாடி. நான் ‘ஒன்று’ என்று தொடங்குவதற்குள் டம்ளர் கிணுகிணுத்து ஓய்ந்துவிட்டது.