தனுஷ்கோடிப் புயலைப் பாட்காஸ்டாக்கும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

வரலாற்றுப் பேரிடர் ஒன்றைப் பாட்காஸ்டாகச் செய்யச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் நேராக 1964 தனுஷ்கோடிப் புயலுக்குத்தான் போகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? ஓர் ஊர், ஒரு ரயில், ஒரு ராத்திரி. கதை தயாராக இருக்கிற மாதிரி தெரியும். சறுக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. நான் கேட்ட பலவற்றில் தொடக்கம் ஒன்றுதான்: இடி, காற்றின் ஊளை, ரயில் விசில், அதன் மேல் நடுங்குகிற குரலில் “அந்தக் கொடூர இரவு…”. அரை நிமிடத்தில் புயல் அடித்து, ரயில் கவிழ்ந்து, ஊர் அழிந்தாயிற்று. மீதிப் பத்து நிமிடம் எதற்காகக் கேட்க வேண்டும்?

போன ஊரைப் பற்றி வருந்த, அது முதலில் கேட்பவர் மனதில் இருக்க வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. ஓடிய கப்பல்களில் இரண்டின் பெயர் இர்வின், கோஷன். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை எல்லாம் இருந்த துறைமுக ஊர். பெட்டி படுக்கையோடு சுங்க வரிசையில் நிற்கும் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். புயல் ஐந்தாவது நிமிடத்தில் வந்தால் போதும்.

அடுத்த சறுக்கல், அந்த ரயிலுக்குள் நுழைவது. டிசம்பர் 22 இரவு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பாம்பனிலிருந்து கிளம்பியதாகச் சொல்லப்படும் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஆனால் மாணவர்களின் பாட்காஸ்டில் ஒரு குழந்தை “அம்மா, பயமா இருக்கு” என்று அழும், ஓட்டுநர் முருகா என்பார். இதை யார் கேட்டார்கள்? சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றது, ஓட்டுநர் நீளமாக விசில் அடித்துவிட்டுக் கிளம்பினார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அதைச் சொல்லலாம், “இப்படிச் சொல்கிறார்கள்” என்று சேர்த்துத்தான். நாடகமாகவே நடிப்பதானால் அது கற்பனைக் காட்சி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் நடிப்பே வேண்டாம். ரயில் வரவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லி நிறுத்தினால், அந்த மௌனம் எந்த அழுகுரலையும்விடக் கனமாக இறங்கும்.

எண்களிலும் இதே கதைதான். 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள், மொத்தம் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் அதிகம் என்பார்கள். மொத்த உயிரிழப்பு 1,800 வரை என்று ஒரு மதிப்பீடு. ரயிலின் எண்ணையும் மொத்த எண்ணையும் கலந்து “ரயிலில் 1,800 பேர்” என்று ஒரு குழு சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டிருக்கிறேன். எண் எதைக் குறிக்கிறது, உறுதியானதா மதிப்பீடா என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். காதால் கேட்பவர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்புறம் ‘சுனாமி’. 2004க்குப் பிறகு கடல் ஊருக்குள் வந்தாலே சுனாமி என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது. 1964இல் வந்தது புயல் தள்ளிக்கொண்டு வந்த வெள்ளம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். அது கொஞ்சம்தான், மீதியைக் காற்று செய்கிறது. தட்டில் ஊற்றிய டீயை ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்கள், எதிர் ஓரத்தில் ஏறும். ஆழம் குறைந்த கடலில் அந்த ஏற்றம் இன்னும் அதிகம். தனுஷ்கோடியோ ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, மறுபக்கம் பெண்கடல் என்கிற பாக் நீரிணை, நடுவில் ஒல்லியான மணல்திட்டு. ஒதுங்க மேடே கிடையாது. இந்த டீத்தட்டைப் பாட்காஸ்டிலும் அப்படியே சொல்லலாம், படமில்லாமலே புரியும்.

எழுத்து நடை பற்றி ஒன்று. “கோரத்தாண்டவமாடிய புயலினால் நகரம் முற்றிலுமாக உருக்குலைக்கப்பட்டது” என்று எழுதி வாசித்தால் பழைய செய்திச் சுருள் மாதிரி ஒலிக்கும். “பாம்பன்ல இருந்து ரயில் கிளம்புது. மணி பன்னிரண்டாகப் போகுது. அது தனுஷ்கோடி போய்ச் சேரல.” இவ்வளவுதான். எழுதியதை நண்பனிடம் முகம் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். வாய் எங்கே தடுக்குகிறதோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள்.

பெரியவர்களைப் பேட்டி எடுப்பதில்தான் அதிகம் வீணாகிறது. அன்றைக்குப் பத்து வயதாயிருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அப்படி ஒருவர் கிடைத்த இடத்தில் “தாத்தா, ரொம்பப் பயமா இருந்துச்சா?” என்று கேட்டால் “ஆமாப்பா” என்பார். முடிந்தது. “அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க? விளக்கு எப்ப அணைஞ்சுது? முதல்ல என்ன சத்தம் கேட்டுச்சு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் அடுத்த கேள்வியைத் திணிக்காதீர்கள், நல்லது அதற்குப் பிறகுதான் வரும். பக்கத்தில் இருக்கும் மகனோ பேரனோ “அது அப்படி இல்லப்பா” என்று திருத்துவார். அதை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே குடும்பத்தில் நினைவு எப்படி மாறுகிறது என்பதும் கதைதான். வெளியிடச் சம்மதம் கேட்பது முதல் வேலை. அழ ஆரம்பித்தால் ரெக்கார்டரை நிறுத்துங்கள்.

பேட்டிக்கு முன் ஃபேனை நிறுத்துங்கள். சமையலறையில் குக்கர் விசில் முடியட்டும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். யாரும் பேசாத அந்த அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்தால், வெட்டி ஒட்டும்போது கை கொடுக்கும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வரும்.

கடலுக்கு அந்தப்புறத்தை மறப்பது இன்னொரு குறை. அந்தப் புயல் வவுனியா வழியாக இலங்கையைக் கடந்துவிட்டுத்தான் இங்கே வந்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் அடித்த மாதிரி சொன்னால் பாதிக் கதை போய்விடும். அதேபோல் ‘பேய் நகரம்’. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யோசித்துவிட்டுத் தலைப்பு வையுங்கள்.

கடைசியில் “இயற்கையை மதிப்போம், நன்றி, வணக்கம்” என்று முடிப்பது பேச்சுப் போட்டிப் பழக்கம். அதைவிட நடந்ததைச் சொல்லுங்கள்: உடைந்த பாம்பன் பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே 6 மாதக் கெடு வைத்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடிந்தது. ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது, தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. 2017இல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. முடிந்தால் அங்கே போய், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பதிவு செய்யுங்கள். சுற்றுலா வேன்களின் ஹாரன், கடைக்காரர் கூப்பிடும் குரல், இரண்டு பக்கமும் கடல். அதை ஒரு நிமிடம் பேச்சும் இசையும் இல்லாமல் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள்.