மனச்சிதைவு நோயுள்ளவரிடம் சிந்தனைச் சாய்வை அளப்பது எப்படி?

மனச்சிதைவு நோயுள்ள ஒருவர், பக்கத்து வீட்டார் தமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்பும்போது, அந்த நம்பிக்கை என்ன என்பதை நேர்காணலிலேயே பதிவுசெய்துவிடலாம். எவ்வளவு சான்றைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார், எதிர்ச்சான்று கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்வாரா என்பவற்றை, அதாவது முடிவெடுப்பதில் ஒருவரை ஒரே பக்கமாக இழுக்கும் சிந்தனைச் சாய்வை, அறிய வேறு கருவிகள் வேண்டும். அக்கருவிகளைக் கையாளும் முறையை, மருத்துவ உளவியல் பயில்வோருக்கும் மனநலப் பிரிவுகளில் பணியாற்றுவோருக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன். இவற்றைக் கொண்டு நோயைக் கண்டறிய இயலாது; ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்ட ஒருவரின் சிந்தனைப் போக்கைப் புரிந்துகொள்வதற்கும், சிகிச்சையைத் திட்டமிடுவதற்கும் மட்டுமே இவை உதவும்.

எந்தச் சாய்வை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். போதிய சான்றில்லாமல் அவசரமாக முடிவெடுத்தல், எதிர்ச்சான்றை ஏற்க மறுத்தல், தவறான விடையிலும் மிகையான உறுதி கொள்ளுதல், தீய நிகழ்வுகளுக்கெல்லாம் பிறரைக் காரணமாக்குதல் எனப் பல சாய்வுகள் ஆய்வுகளில் பேசப்படுகின்றன. ஒரே அமர்வில் அனைத்தையும் அளக்க முயன்றால், கடைசிச் சோதனையில் கிடைப்பது சாய்வின் அளவாக இராது, களைப்பின் அளவாகவே இருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் மோரிட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய மெட்டா அறிதல் பயிற்சியை (தம் சிந்தனையைத் தாமே கவனித்துத் திருத்திக்கொள்ளப் பழக்கும் பயிற்சி) போன்ற ஒன்றைத் தொடங்க எண்ணினால், அப்பயிற்சி நேரடியாகத் தொடும் ஓரிரு சாய்வுகளைத் தேர்ந்துகொள்வதே போதுமானது.

நோய் தீவிரமாக இருக்கும் நாள்களில் அளக்க வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் மருந்தை எடுத்துக்கொண்ட உடனேயும் வேண்டாம். கை நடுக்கத்துக்காகத் தரப்படும் ட்ரைஹெக்சிபெனிடில் என்ற மருந்து நினைவாற்றலை மந்தமாக்கக்கூடியது என்பதால், அதன் அளவையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். ஆய்வுக்காக அளப்பதானால், இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, விவரங்களை அறிந்து தாமாக முன்வந்து அவர் தரும் ஒப்புதல் கட்டாயமாகும். கூடவே வந்த அம்மாவோ மனைவியோ அவருக்காக விடை சொல்லத் தொடங்கிவிடுவது நம் மருத்துவமனைகளில் வழக்கம். அவர்களை வெளியே அமரச் சொல்லும்போது, ஏன் என்பதை நோயாளியின் முன்னிலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூடிய கதவுக்குப் பின்னால் தம்மைப் பற்றிப் பேசுகிறார்களோ என்ற ஐயம் அவருக்கு எழக் கூடாது.

அவசர முடிவை அளக்க அதிகம் பயன்படுவது, நிறப் பாசிமணிகளைக் கொண்டு செய்யும் மணிச் சோதனை. 1988-இல் ஹக், கேரட்டி, ஹெம்ஸ்லி ஆகிய ஆய்வாளர்கள், பிறழ்நம்பிக்கை (சான்றுக்கு மாறான அசைக்க முடியாத நம்பிக்கை) உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்த பின்னரே இத்துறையில் இது நிலைபெற்றது. இரண்டு ஜாடிகளில் தலா நூறு மணிகள். ஒன்றில் 85 கறுப்பும் 15 மஞ்சளும், மற்றதில் 85 மஞ்சளும் 15 கறுப்பும் இருக்கும். இரண்டையும் காட்டியபின் திரைக்குப் பின்னால் வைத்து, ஏதேனும் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்காட்டி, அதிலேயே திரும்பப் போட வேண்டும். எத்தனை மணிகளைப் பார்த்தபின் ஜாடியைச் சொல்கிறார் என்பதே மதிப்பெண். மணிகள் வரும் வரிசை முன்னரே தீர்மானிக்கப்பட்டு எல்லாருக்கும் ஒரேபோல் அமைவதால்தான் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடிகிறது. “கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறேன்” என்பது போன்ற பொய்யைச் சொல்லாமலேயே இதை நடத்தலாம் என்பது என் கருத்து. ஏமாற்றப்படுகிறோம் என்ற அச்சத்திலேயே வாழும் ஒருவரிடம் சிறு பொய்யும் பின்னர் விலை கேட்கும்.

விளக்கம் எழுத்துத் தமிழில் இருந்தால் பாதிப் பொருள் போய்ச்சேராது. பேச்சுநடையில் எழுதிவைத்துக்கொண்டு, எல்லாரிடமும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும்: “ஐயா, இந்த ரெண்டு ஜாடியில ஏதோ ஒண்ணைத்தான் நான் எடுத்து வச்சிருக்கேன். இனிமே காட்டுற எல்லா மணியும் அந்த ஒரே ஜாடியிலேர்ந்துதான் வரும். காட்டினதும் திரும்ப அதுலயே போட்டுடுவேன். எத்தனை மணி வேணும்னாலும் கேளுங்க. எந்த ஜாடின்னு உங்களுக்கு நிச்சயமாத் தோணும்போது சொன்னாப் போதும்.” ‘நிச்சயமா’ என்ற சொல்லை விட்டுவிட்டால் சிலர் ஊகத்தைச் சொல்வார்கள், ‘சீக்கிரம்’ என்று வாய்தவறிச் சொன்னால் அந்த அமர்வே பயனற்றுப்போகும். இதுவரை காட்டிய மணிகளின் நிறங்களை ஓர் அட்டையில் வரிசையாக அவர் கண்ணெதிரே வைத்திருங்கள். இல்லாவிட்டால் நினைவுக் குறைவும் அவசரமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தொடங்குமுன், எல்லா மணிகளும் ஒரே ஜாடியிலிருந்துதானா, எடுத்த மணி எங்கே போகிறது என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஜாடி மாறுகிறது என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். மஞ்சள் வந்தால் ஒரு ஜாடியையும் கறுப்பு வந்தால் மற்றொன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வதிலிருந்து இது தெரியவரும். இது சாய்வு அன்று, சோதனை புரியாமை. அப்படிப்பட்ட அமர்வைத் தனியே குறித்து, மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மையானது.

ஒன்று அல்லது இரண்டு மணிகளிலேயே முடிவு சொன்னால் ‘அவசர முடிவு’ என்று கொள்வது வழக்கம். இங்கே ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். 85:15 ஜாடிகளில் முதல் மணி கறுப்பானால், அது கறுப்பு மிகுந்த ஜாடியாக இருக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு. இரண்டாவதும் கறுப்பானால் ஏறக்குறைய 97 விழுக்காடு. ஆகவே இரண்டு மணிகளில் முடிவெடுத்தவர் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல இடமே இல்லை. மற்றவர்கள் மேலும் சில மணிகளைக் கேட்கும் இடத்தில் இவர் கேட்கவில்லை என்பதுதான் அளவின் பொருள். 60:40 ஜாடிகளில் இதே இரண்டு மணிகள் தரும் உறுதி 69 விழுக்காடுதான், மூன்று மணிகள் தருவது 77. அங்கே அவசரப்படுவதே சாய்வை இன்னும் தெளிவாகக் காட்டும் என்பதால், நேரமிருந்தால் இரண்டு விகிதங்களையும் பயன்படுத்துங்கள். அவசர முடிவா இல்லையா என்ற இருவகைப் பகுப்போடு நிறுத்திவிடாமல், கேட்ட மணிகளின் எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள்.

எதிர்ச்சான்றை ஏற்கும் தன்மையை டாட் வுட்வர்டும் மோரிட்ஸும் வளர்த்தெடுத்த வாக்கியச் சோதனையால் அளக்கலாம். ஒரு சூழலைப் பற்றி மூன்று வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். ஒவ்வொன்றுக்குப் பின்னும் நான்கு விளக்கங்களுக்கும் 0 முதல் 10 வரை அவர் மதிப்பிட வேண்டும். உதாரணமாக, “கமலா அதிகாலையில் வீட்டை விட்டு ஓடுகிறாள்”, “காலில் கேன்வாஸ் ஷூ அணிந்திருக்கிறாள்”, “பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறாள்.” யாரோ துரத்துகிறார்கள், பேருந்தைப் பிடிக்கப் போகிறாள் என்ற விளக்கங்கள் தொடக்கத்தில் பொருந்தி, இறுதியில் பொருந்தாமல் போகும், பறக்கப் பழகுகிறாள் என்பது எப்போதுமே பொருந்தாது, உடற்பயிற்சி என்பதே கடைசியில் தேறும். பொருந்தாமல் போனவற்றின் மதிப்பீடு முதல் வாக்கியத்திலிருந்து மூன்றாவதற்குள் எவ்வளவு இறங்கியது என்பதைப் பாருங்கள். இறங்காமல் நின்றால் அதுவே தேடிய அளவு. அபத்தமான விளக்கத்துக்கும் தொடக்கம் முதல் உயர்ந்த மதிப்பு தருபவர், மதிப்பிடும் முறையையே புரிந்துகொள்ளாமல் இருக்கலாம்.

வினாத்தாள்கள் எளியவை. சிபிக்யூபி (CBQp) என்ற வினாத்தாள் 30 சிறு சூழல்களைக் கொண்டு ஐந்து சாய்வுகளை அளக்கிறது. மொத்த மதிப்பெண் 30 முதல் 90 வரை. சாய்வுகளை அளக்கும் மற்றொரு வினாத்தாளான டாகோப்ஸில் (DACOBS) 42 கூற்றுகள் உள்ளன. மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் அறிதல்சார் உள்நோக்கு அளவுகோலில் (BCIS) 15 கூற்றுகளே. இதில், தன்னை ஆராயும் தன்மைக்கான மதிப்பெண்ணிலிருந்து தன்மேல் கொண்ட உறுதிக்கான மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். ஆனால் தாம் அவசரப்படுகிறோமா என்று ஒருவர் நினைப்பதும் அவர் உண்மையில் அவசரப்படுவதும் வேறு வேறு. மணிச் சோதனையும் வினாத்தாளும் பெரிதாக ஒத்துப்போகாமல் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மட்டும் கொள்ளாதீர்கள்.

தமிழில் கேட்கும்போது பண்பாட்டு நம்பிக்கைகள் வந்து சேரும். திருஷ்டி பட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள், சாமி வந்து சொன்னது என்பவை குடும்பமே பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கைகளாக இருக்கும்போது, அவற்றைக் காரணமாகக் கூறுவதை அப்படியே சாய்வென எண்ணிவிட முடியாது. வீட்டில் மற்றவர்களும் இப்படித்தான் சொல்வார்களா என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள். படிப்பறிவு குறைந்த சிலரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்றும் கேளுங்கள்.

அவசர முடிவுக்கும் பொது நுண்ணறிவுக்கும் உள்ள தொடர்பை ஒதுக்கிவிட்டு எந்த மதிப்பெண்ணையும் விளக்க முடியாது. முதல்முறை மனநோய் கண்டவர்களிடம் நடந்த ஐரோப்பியப் பலமைய ஆய்வொன்றில், நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை நுண்ணறிவே விளக்கியது. எனவே செயல்நினைவுக்கும் (தகவலைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) நுண்ணறிவுக்கும் குறைந்தது ஒவ்வொரு சிறு சோதனையையாவது உடன் நடத்துங்கள். நோய்க்குறிகளின் தீவிரத்தை, 30 கூறுகள் கொண்ட பான்ஸ் (PANSS) அளவுகோலால், முடிந்தால் அதே வாரத்தில் மதிப்பிடுங்கள். மனச்சோர்வையும் விட்டுவிட வேண்டாம். எதையும் கேட்கவே மனமின்றி முதல் மணியிலேயே விடை சொல்லி முடித்துக்கொள்ளும் ஒருவரும் அவசர முடிவெடுப்பவராகவே தாளில் தோன்றுவார்.

பயிற்சிக்குப் பின் மீண்டும் அளப்பதானால் மணிகளின் நிறத்தையும் வரிசையையும் மாற்றிவிடுங்கள். சோதனையை நினைவில் வைத்திருப்பவர் கூடுதல் மணிகளைக் கேட்பது முன்னேற்றமாகத் தோன்றிவிடும். இரு அமர்வுகளுக்கிடையே மருந்தின் அளவு மாறியிருந்தால் அதை மதிப்பெண்ணின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.