அறிவின் எல்லையை நீங்களே தொட்டுப் பார்க்க

மூன்று நாளில் உணர்வை விரிவாக்கலாம், ஆழ்மனத்தைத் திறக்கலாம், பிரபஞ்சத்தோடு இணையலாம் என்று போனில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. காசு கட்ட முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். மனித அறிவுக்கு எல்லை உண்டு, அதை யாரும் மூன்று நாளில் தள்ளிவைத்துத் தர மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அதற்கு ஒரு கொப்பித் தாளும் கொஞ்சம் பொறுமையும் காணும்.

முதலில் கண். ஒற்றை ரூல் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு சிறிய கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளிப் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் பொட்டு போடுங்கள். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீட்டிப் பிடித்து மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தால், சுமார் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பொட்டு காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை, அதுதான் காரணம். 1660களில் மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டறிந்தார். பொட்டு போனதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஓட்டை ஒன்றும் இல்லை, கொப்பிக் கோடு அறாமல் நேரே போகிறது! மூளை தன் பாட்டில் கோட்டைக் கீறி இடைவெளியை நிரப்பிவிட்டு, நிரப்பினேன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் விஷயத்தின் மையமே இதுதான். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில், உயிரை மூடியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்தை இருட்டோடு ஒப்பிட்டு, இருட்டை விட இது மோசம் என்கிறார். இருட்டு பொருளை மறைத்தாலும் ‘நான் இருட்டு’ என்று தன்னையாவது காட்டும், ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. எங்கள் கோயில்களில் சமயப் பேச்சு என்றால் ஆணவம் என்பதைத் திமிர் என்ற அளவோடு விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய மனக்குறை. சித்தாந்தம் சொல்வது அதை விட ஆழம்: உயிருக்குத் தனக்குத் தெரியாதது எது என்பதே தெரியாமல் இருப்பது. அந்தத் தாளில் காணாமல் போன பொட்டை இதற்கு ஒரு சின்ன உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காது. வன்னியில் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் யானைகள் ஒன்றோடொன்று கதைப்பதில் ஒரு பகுதி 20 ஹேர்ட்சுக்குக் கீழே, மனிதக் காது பிடிக்காத ஒலியில் நடக்கிறது, அது கிலோமீற்றர் கணக்கில் போகும். 1980களில் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் இருந்த ஆசிய யானைகளிடம்தான் இது முதலில் பிடிபட்டது. ஒரு பின்னேரம் வீட்டு முற்றத்தில் போனை உள்ளே வைத்துவிட்டு இருந்து, கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணுங்கள். எண்ணி முடிந்ததும், நீங்கள் ‘அமைதி’ என்று நினைத்த இடத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்று யோசியுங்கள். அப்படியே பொழுதுபடும் வரை இருந்து செவ்வரத்தைப் பூவைப் பாருங்கள். இலை இன்னும் துலக்கமாகத் தெரியும்போதே பூ கறுத்துவிடும், மங்கல் வெளிச்சத்துக்கான கண் கலங்களுக்குச் சிவப்பு பிடிபடாது. (தியானம் என்று சொல்லிக் காட்டுக்குள்ளோ குளக்கட்டிலோ இருட்டில் போய் இருக்க வேண்டாம். யானை, பாம்பு ஒரு பக்கம், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் மறு பக்கம்.)

கண், காது எல்லைகளைக் கருவி வைத்துத் தாண்டலாம். கருவியே இல்லாத எல்லைகளும் உண்டு. இன்றிரவு படுக்கும்போது, நித்திரை வருகிற அந்தக் கணத்தைப் பிடிக்கப் பாருங்கள். பிடிபடாது, பிடிக்கிற ஆளே அங்கே இருக்க மாட்டார். ஆனால் விடிய எழும்பி “நல்லா நித்திரை கொண்டேன்” என்கிறோமே, அது எப்படித் தெரியும்? நனவு, கனவு, உறக்கம், அதற்கும் அப்பால் துரியம், துரியாதீதம் என்று உயிரின் ஐந்து நிலைகளை, அதாவது அவத்தைகளைப் பற்றி நம்மவர்கள் அவ்வளவு எழுதியதற்கு இப்படியான கேள்விகள்தான் காரணம். 1781இல் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட் வேறொரு வழியால் வந்து, இடம், காலம் என்ற வடிவங்களுக்குள் அகப்படுவதைத்தான் மனித மனம் அறியும், பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது எட்டாது என்றார். விடை தேடி மண்டையை உடைக்க வேண்டாம். சில வாரம் விடியற்காலையில் இந்தக் கேள்வியோடு ஐந்து நிமிடம் இருங்கள், எதையும் ‘எனக்குத் தெரியும்’ என்று சட்டென்று சொல்லுகிற வேகம் கொஞ்சம் தணியும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த ஊர்கள் இந்த வன்னி ஊர்கள். கண்ணை மூடிச் சும்மா இருந்தால் சிலருக்குப் பழையது எல்லாம் வரிசையாக வரும். வந்தால் உடனே கண்ணைத் திறந்து, காலை நிலத்தில் ஊன்றி, சுற்றியுள்ள பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், பயிற்சியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவி எண்ணுக்கும் எடுக்கலாம். தாங்கிக்கொண்டு இருந்தால் பக்குவம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கடைசிப் பயிற்சிதான் கஷ்டம், எனக்கு அதுதான் முக்கியம். தன் மறைவிடம் தனக்குத் தெரியாது என்றால், அதைக் காட்ட வேறு இடத்தில் நிற்கிற ஆள் வேண்டும். சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைந்த கால நெற்செய்கைக்கு, விடும் தண்ணீரையே எடுங்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவருக்குக் கடைசியில் இருப்பவர் சும்மா கத்துவதாகத் தெரியும், கடைசியில் இருப்பவருக்குத் தலைப்பில் இருப்பவர் களவெடுப்பதாகத் தெரியும். இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள், காணாத பகுதியை மனம் கோடு கீறி நிரப்பியிருக்கிறது.

இப்படி உங்களோடு முரண்பட்ட ஒருவரை, பெரிய பகையாக இல்லாமல் சின்னப் பிணக்கு உள்ளவராகப் பார்த்து, தேர்ந்தெடுங்கள். நேரே போய், “அண்ணை, உங்கட பக்கத்தை நான் விளங்கினது சரியோ என்று சொல்லுங்கோ” என்று கேட்டு, அவருடைய நியாயத்தை அவர் சொல்வது போலவே நீங்கள் சொல்லுங்கள். உங்கள் நியாயத்தை இடையில் செருக வேண்டாம். “அதில்லை தம்பி” என்று அவர் தொடங்கினால் வாயை மூடிக் கேளுங்கள், அப்புறம் திரும்பச் சொல்லுங்கள். “ஓம், அதைத்தான் நான் சொன்னது” என்று அவர் வாயால் வரும் வரை உங்கள் முறை வராது. அன்றைக்கே முடியாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து, இன்னொரு நாள் போங்கள்.