கைப்பேசியின் பெயரையும் விலையையும் பிரித்துப் படிக்கும் முறை

2021-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை, சித்தப்பாவுக்குக் கைப்பேசி வாங்குவதற்காக சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருந்தோம். கடைப் பையன் கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று ரெட்மி நோட் 10 ப்ரோ, மற்றது ரெட்மி நோட் 10 ப்ரோ மேக்ஸ். அறிமுகமானபோது முதலாவதன் விலை 15,999 ரூபாயிலும் இரண்டாவதன் விலை 18,999 ரூபாயிலும் தொடங்கின. "மேக்ஸ்னா ஸ்கிரீன் பெருசா இருக்கும்ல தம்பி?" என்று சித்தப்பா கேட்டார். "இதுதான் சார் டாப் மாடல்" என்றார் பையன். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனாலும் சித்தப்பாவின் கை மேக்ஸ் பெட்டிக்குப் போய்விட்டது. இரண்டிலும் திரை அதே 6.67 அங்குலம்தான், கைப்பேசியின் மூளையான சிப்பும் பேட்டரியும் ஒன்றுதான். முதன்மைக் கேமரா மட்டும் 64 மெகாபிக்சலுக்குப் பதிலாக 108. ஐபோனில் 'மேக்ஸ்' என்றால் பெரிய திரை என்று பொருள் உண்டு. இங்கே அந்தப் பொருளை விட்டுவிட்டு, அதன் மிடுக்கை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

ஆகவே கைப்பேசி வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை நான்கு துண்டாகப் பிரிப்பது: நிறுவனம், வரிசை, எண், வால் (கடைசியில் ஒட்டும் ப்ரோ, மேக்ஸ் போன்ற சொல்). இவற்றில் நிறுவனத்தின் பெயரைத்தான் நாம் ஊருக்குச் சொல்கிறோம். ஆனால் அந்த நிறுவனம் தன் ஏணியில் எந்தப் படியில் இந்தக் கைப்பேசியை வைத்திருக்கிறது என்பதை மற்ற மூன்றும்தான் சொல்கின்றன. 'சாம்சங் வாங்கினேன்' என்பவரிடம் இருப்பது எட்டாயிரம் ரூபாய்க் கருவியாகவும் இருக்கலாம், ஒன்றேகால் லட்ச ரூபாய்க் கருவியாகவும் இருக்கலாம்.

படிப்பதற்கு எளிதானது சாம்சங்கின் ஏ வரிசை. ஏ35, ஏ55 என்ற பெயர்களில் முதல் இலக்கம் படியையும் கடைசி இலக்கம் தலைமுறையையும் குறிக்கின்றன. ஏ54 2023-இலும், ஏ55 2024-இலும், ஏ56 2025-இலும் வந்தன. இதைத் தெரிந்துகொண்டவர், கடையில் தள்ளுபடி விலையில் நீட்டப்படும் ஏ54-ஐயும் புதிதாக வந்த ஏ36-ஐயும் எதிரெதிரே வைத்து, முந்தையது மேல்படியின் பழைய ஆள், பிந்தையது கீழ்ப்படியின் புது ஆள் என்று உடனே கண்டுகொள்வார். எஸ் வரிசையில் எண்ணே ஆண்டு. 2019-இல் எஸ்10 விற்ற நிறுவனம் மறு ஆண்டே எஸ்20 என்று தாவியது. அன்று முதல் எஸ்24 என்றால் 2024 என்று பொருள். எம் வரிசை 2019-இல் இணைய விற்பனையை முன்வைத்து வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு எஃப் வரிசை வந்தது. அதன் முதல் கைப்பேசியான எஃப்41, ஏற்கெனவே விற்பனையில் இருந்த எம்31-இன் சிப்பையும் 6,000 எம்ஏஎச் பேட்டரியையும் அப்படியே கொண்டிருந்தது.

எண்ணின் மேல் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பதற்கு ஒன்பிளஸ் நல்ல உதாரணம். அந்த நிறுவனம் 3டி (3T) என்ற மாடலுக்குப் பிறகு நான்கைத் தாண்டி நேராக 5-க்குப் போனது, ஏனென்றால் சீன மொழியில் நான்கைக் குறிக்கும் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்துவிடக் கூடாது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் காத்துக் கிடக்கும் நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

எண் கூடியிருந்தால் உள்ளேயும் ஏதோ கூடியிருக்கும் என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. ஒன்பிளஸ் நார்ட் சிஇ 2 லைட் 2022-இல் 19,999 ரூபாய்க்கு வந்தது. சிஇ 3 லைட் 2023-இல் அதே விலைக்கு வந்தது. கேமராவும் சார்ஜ் ஏறும் வேகமும் மாறியிருந்தன, ஆனால் இரண்டிலும் சிப் அதே ஸ்னாப்டிராகன் 695. ஆப்பிளும் இதற்கு விலக்கல்ல. 2022-இல் ஐபோன் 14 ப்ரோவுக்குப் புதிய ஏ16 சிப் கிடைத்தது. சாதாரண 14-க்கு முந்தைய ஆண்டின் ஏ15-தான் கிடைத்தது. 13 அறிமுகமானபோது இருந்த அதே 79,900 ரூபாய்தான் 14-க்கும். அந்த வாரமே 13-இன் விலை 69,900 ஆகக் குறைந்தது. பெயரில் ஓர் எண் கூடுவதற்குப் பத்தாயிரம் ரூபாய் தர நான் அன்று மனம் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பமாட்டேன்.

வால்களில் கூட்டும் வால், கழிக்கும் வால் என்று இருவகை உண்டு. ப்ரோ, பிளஸ், மேக்ஸ், அல்ட்ரா ஆகியவை கூட்டுபவை. அவற்றின் பொருள் எல்லோருக்கும் கேட்ட உடனே புரியும். கழிக்கும் வால்களின் பொருள் அப்படிப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவை கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சாம்சங்கின் எஃப்இ என்றால் ஃபேன் எடிஷன், அதாவது ரசிகர்களுக்கானது; ஒன்பிளஸின் சிஇ என்றால் கோர் எடிஷன், அதாவது சாரம் மட்டும். தி.நகர் ஜவுளிக் கடையில் 'ஆர்ட் சில்க்' என்ற சீட்டைப் பார்த்துக் கலைநயம் மிக்க பட்டு என்று மகிழ்கிறவருக்கு, ஆர்ட் என்பது 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம் என்று யாரும் வலிய வந்து சொல்வதில்லை. 2013-இல் வந்த ஐபோன் 5சி-க்கு இந்த மறைப்பு கைகூடவில்லை. பிளாஸ்டிக் உடலும் முந்தைய ஆண்டுச் சிப்பும் கொண்ட அதன் விலை நம் நாட்டில் 41,900 ரூபாய். அப்படியிருந்தும் அந்த 'சி' எழுத்துக்கு 'சீப்' என்று ஊர் தானே விரிவுரை எழுதிக்கொண்டது.

இதற்கு நேரெதிரான பாடம் 2018, 2019 ஆண்டுகளில் கிடைத்தது. முதல் ஆண்டில் ஐபோன் எக்ஸ்எஸ் 99,900 ரூபாய், அதற்குக் கீழே எக்ஸ்ஆர் 76,900 ரூபாய். எக்ஸ்ஆர் வாங்கியவர் 'எக்ஸ்எஸ் வாங்க முடியாதவர்' என்று பார்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு அதே கீழ்ப்படிக்கு வெறும் '11' என்று பெயர் வைத்து, மேல்படிக்கு '11 ப்ரோ' என்று வால் சேர்த்தார்கள். மேல்படியின் விலை அதே 99,900. கீழ்ப்படி 64,900 ஆக இறங்கியது. விலை இறங்கியும் 11-இன் மதிப்பு ஏறியது, ஏனென்றால் இப்போது அதுதான் 'அசல் ஐபோன்', மற்றது வசதிக்கு மேல் வசதி. 2020-இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்த 11 உறுப்புகள் கோத்துத் தயாரிக்கப்படத் தொடங்கியபோதும் அதன் பளபளப்பு சற்றும் குறையவில்லை.

விலையைப் படிக்கும்போது பலரும் செய்யும் பிழை, ஒரு நிறுவனத்தின் மிக உயர்ந்த விலையைப் பார்த்து அதன் கௌரவத்தை எடைபோடுவது. நான் பார்ப்பது அதன் மிகக் குறைந்த விலையை. ஒரு பெயர் எந்த விலை வரை இறங்கி விற்கப்படுகிறதோ, அந்த அடித்தளம்தான் ஊரார் மனத்தில் தங்குகிறது. அதனால்தான் நிறுவனங்கள் மலிவான கைப்பேசிகளுக்கு வேறு பெயர் சூட்டித் தனிக்குடித்தனம் வைக்கின்றன. ஷாவ்மி 2019 ஜனவரியில் ரெட்மியையும் மறு ஆண்டு ஜனவரியில் போக்கோவையும் தனித்தனி பிராண்டுகளாகப் பிரித்தது. 2021-இல் 'மி' என்ற பெயரையே கைவிட்டது. 2014-இல் ரெட்மி 1எஸ்ஸை 5,999 ரூபாய்க்கு விற்ற வீடு, பத்தாண்டு கழித்து ஷாவ்மி 14-க்கு 69,999 ரூபாய் கேட்க வேண்டுமானால், இடையில் இந்தச் சுவர் எழும்பியே ஆக வேண்டும். சுவரின் எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்பதற்கு 2018 சாட்சி. ஸ்னாப்டிராகன் 845 சிப்புடன் ஒன்பிளஸ் 6 வந்தது 34,999 ரூபாய்க்கு. அதே சிப்புடன் போக்கோ எஃப்1 வந்தது 20,999 ரூபாய்க்கு. முதுகு கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். பதினான்காயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கண்ணாடிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்குள் நுழைந்ததும் 'பட்ஜெட் எவ்வளவு சார்?' என்று கேட்பார்கள். தொகையைச் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு படி மேலே உள்ள பெட்டிதான் முதலில் வெளியே வரும். மாதத் தவணையில் பிரித்தால் நானூறோ ஐந்நூறோதான் கூடுதல் என்று விளக்கமும் வரும். சிப், நினைவகம், எத்தனை ஆண்டு அப்டேட் கிடைக்கும் என்ற மூன்றையும் முதலில் சொல்லி, விலையை அவர்கள் வாயால் கேளுங்கள். பெட்டியில் உள்ள எம்ஆர்பி-யிலிருந்து தள்ளுபடியைக் கணக்கிட வேண்டாம். அது விற்பனை விலையைவிடப் பல ஆயிரம் அதிகமாக அச்சிடப்படுவது வழக்கம். 19,999 என்பது ஒரு ரூபாய் குறைத்து எழுதும் பழைய பாட்டா விலைதான், இருபதாயிரம் என்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவகத்தைக் கூட்டும்போதும் கவனம் தேவை: ஐபோன் 15 அறிமுகமானபோது 128 ஜிபி 79,900, 256 ஜிபி 89,900, 512 ஜிபி 1,09,900 என்று படிகள் இருந்தன. அடுத்த படி பத்தாயிரம்தானே என்று ஏறத் தொடங்கினால், கடைசியில் சாதாரண மாடலுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிக் கொடுத்திருப்போம்.

கௌரவமே தேவை என்றால் அதையும் கூச்சமின்றி ஒரு தேவையாகக் கணக்கில் சேர்க்கலாம். மனை விற்கும் தரகருக்கும் கல்யாணப் புகைப்படக்காரருக்கும் கையில் இருக்கும் கைப்பேசி விசிட்டிங் கார்டு மாதிரி. அவர்கள் இந்த ஆண்டின் நடுப்படியை விட்டுவிட்டுச் சென்ற ஆண்டின் மேல்படியை வாங்குவது நல்லது. மண்டபத்தில் எதிரே நிற்பவர் பார்ப்பது முதுகில் உள்ள கேமரா வளையங்களைத்தான். ஆண்டு அவருக்குத் தெரியாது.

சித்தப்பா அந்த ப்ரோ மேக்ஸை மூன்றாண்டு கழித்து அதே தெருவில் பழைய கைப்பேசி வாங்கும் ஒருவரிடம் கொடுத்தார். அவர் உறையைக் கழற்றி ஓரங்களைத் தடவிப் பார்த்தார், செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து மாடல் எண்ணையும் நினைவகத்தையும் படித்தார், *#06# அடித்து, கைப்பேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டார், கேமராவைத் திறந்து கடை விளக்கை ஒரு படம் எடுத்தார். "மேக்ஸ் தம்பி இது" என்று சித்தப்பா நினைவூட்டினார். "பேட்டரி எப்படி நிக்குது சார்?" என்று அவர் கேட்டார்.