ரீசெட் மூன்று வகை: ரோபோரியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்ஆர்சி எனும் பள்ளி மாணவர் போட்டியின் ரோபோக்களில் 2015 முதல் இருக்கும் கன்ட்ரோலர் ரோபோரியோ. புது கோடு ஏற்றியபின் ஏதாவது முரண்டு பிடித்தால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். பெரும்பாலும் அது தேவையே இல்லை. டிப்ளாய், அதாவது கோடு ஏற்றுவது, முடிந்ததுமே புரோகிராம் தானாக மறுபடி தொடங்கிவிடும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் ரோபோவை இயக்கும் லேப்டாப் மென்பொருளான டிரைவர் ஸ்டேஷனின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு: ஒன்று புரோகிராமை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும், மற்றது ரோபோரியோவையே ரீபூட் செய்யும். 120 ஆம்பியர் மெயின் பிரேக்கர் மூன்றாவது வழி. அதை அமுக்கினால் ரேடியோ, மோட்டார் கன்ட்ரோலர்கள் எல்லாமே அணையும்.

எது அணைகிறதோ அதன் ஞாபகம் போய்விடும். அதிகம் உடைவது இங்கேதான். நியோ மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கு அதை ஓட்டும் மோட்டார் கன்ட்ரோலரான ஸ்பார்க் மேக்ஸிடம் இருக்கிறது, ரோபோரியோவிடம் இல்லை. கோடை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் அந்த எண் அப்படியே இருக்கும்; பிரேக்கரை அணைத்தால் பூஜ்யம். எலிவேட்டர் 20 அங்குல உயரத்தில் நிற்கும்போது அணைத்து ஆன் செய்தால், அந்த 20 அங்குலம்தான் இனி அதற்கு அடிமட்டம். 40-க்குப் போகச் சொன்னால் 60-க்குப் போகப் பார்க்கும். கோடில் வைக்கும் எல்லையான சாஃப்ட் லிமிட்டும் அதே தப்பான பூஜ்யத்திலிருந்தே எண்ணுவதால் தடுக்காது. செயின் அறுந்த பிறகுதான் தெரியவரும். கோடு தொடங்கும்போதே சுற்றை எண்ணும் என்கோடரைப் பூஜ்யமாக்கும் வரி எழுதியிருந்தால் வெறும் ரீஸ்டார்ட்டிலேயே இது நடக்கும். எலிவேட்டரைக் கீழே முட்டும்வரை இறக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். அடியில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, அது அழுந்தும்போது மட்டும் பூஜ்யமாக்குவது இன்னும் நல்லது.

ஸ்பார்க் மேக்ஸின் கரண்ட் லிமிட், இன்வர்ட் (சுழலும் திசையை மாற்றுவது) போன்ற செட்டிங்குகளை, கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்காமல் விடுவது இன்னொரு தவறு. லூஸ் ஒயரால் அதற்கு மட்டும் ஒரு நொடி கரண்ட் போய் வந்தால், பழைய செட்டிங் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கோடு அதைத் தானாகச் சரிசெய்யாது. சேமிப்பைத் தொடக்கத்தில் ஒரே முறை செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஓடும் பீரியாடிக் லூப்பில் போட்டால் ஃபிளாஷ் தேய்ந்துபோகும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் என்டர் தட்டி ரோபோவை டிஸேபிள் செய்யுங்கள். ஸ்பேஸ்பார் வேண்டாம், அது எமர்ஜென்சி ஸ்டாப். அதன்பின் ரோபோரியோவை ரீபூட் செய்யாமல் எனேபிள் ஆகாது. டிரைவர் ஸ்டேஷன் பின்னணியில் இருந்தாலும் ஸ்பேஸ்பார் வேலை செய்யும். ரோபோ ஓடும்போது அதே லேப்டாப்பில் கோடு டைப் செய்பவர்கள் இதில் மாட்டுவது சகஜம். டிஸேபிள் ஆனதும் ரோபோவின் தூக்கிய கை கீழே விழலாம், காற்றழுத்த வால்வான சிங்கிள் சாலினாய்டு பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும். விரல்கள் வெளியே இருக்கட்டும். பிரேக்கரை அணைத்தாலும் காற்று டேங்கில் 120 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்று நிற்கும். வால்வைக் கையால் திறந்துதான் வெளியேற்ற வேண்டும்.

டிப்ளாய் பாதியில் பவரை நிறுத்தாதீர்கள். ரோபோரியோவின் ரீசெட் பட்டனை லேசாகத் தட்டினால் போதும். ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போய்விடும், ஸ்டேட்டஸ் விளக்கு மும்மூன்றாகச் சிமிட்டும். அப்படிச் சிமிட்டினால் கோடில் தப்பைத் தேடாதீர்கள், இன்னொரு முறை ரீபூட் செய்யுங்கள்.